அப்பாவின் இடது புருவம்

ஜனவரி 12

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் நலம் என்றுதான் எழுதுவாய், அதனால் கேட்காமலே நம்பிக்கொள்கிறேன். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடி. எனக்கு வந்திருப்பது புது வலி. அதற்குப் பெயர் படிவம்.

போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, கடிதம் என்றால் சண்டை போய்ச் சேரவே நாலைந்து நாள் ஆகும் என்று நீதான் சொன்னாய். சரி, எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றுபோன கையெழுத்து இது. ஒன்பதாம் வகுப்பு எழுத்தை எதிர்பார்க்காதே.

உங்கள் கம்பெனி நடுவில் தரகர் இல்லாமல் நேராக நம்மிடமே ரத்தினக் கல் வாங்கப்போகிறது என்றதும் ஏழு குழிக்காரர்களும் கைதட்டினோம். தரகர் கல்லைக் கையில் வாங்கி, உதட்டைப் பிதுக்கி, "இதையா இவ்ளோ தூரம் தூக்கிட்டு வந்த?" என்பார். அந்த உதட்டிலேயே பாதி விலை போய்விடும். ஆனால் அவரிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. கேள்வி கேட்கமாட்டார். நீங்கள் ஒரு கல்லுக்கு நாற்பத்து மூன்று கேள்வி கேட்கிறீர்கள். என்னைப் பெண் பார்க்க... மன்னிக்கவும், நான் உன் அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோதுகூட மூன்றே கேள்விதான் கேட்டார்கள். அதில் இரண்டுக்கு நான் பதில் சொல்லவில்லை.

எழுதிப் பழகச் சொன்னாய் என்று ஒரு படிவத்தை நிரப்பிப் பார்த்தேன். ஏழாவது கேள்வி, தொழிலாளர்களுக்கு ஓய்வறை உண்டா? மரம் உண்டு என்று எழுதினேன். பன்னிரண்டு, ஆபத்தில் வெளியேற வழி என்ன? இறங்கின வழிதான், ஆபத்து என்றால் அதிலேயே கொஞ்சம் வேகமாக ஏறுவோம். பத்தொன்பது, குறை இருந்தால் தொழிலாளர்கள் யாரிடம் போவார்கள்? என்னிடம் வருவார்கள், நான் உன் அம்மாவிடம் போவேன். உன் மாமா படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "மச்சான், இத அனுப்புனீங்கன்னா முதல்ல உங்க பொண்ணத்தான் வீட்டுக்கு அனுப்புவாங்க." ஆனாலும் அனுப்பியிருக்கிறேன். எழுதினது எல்லாம் உண்மைதானே.

பயிற்சிக் கொட்டகையில் ஆறு சாணை இயந்திரம் வந்து இறங்கிவிட்டது. நீங்கள் அனுப்பிய டீச்சர், என் வயதில் பாதிகூட இருக்காது, முதல் நாளே கண்ணாடித் துண்டைக் கொடுத்து எட்டுப் பட்டை தீட்டச் சொன்னது. நான் பதினொன்று தீட்டியிருந்தேன். அதில் மூன்று எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. "இத என்னன்னு எடுத்துக்கிறதுங்க?" என்று கேட்டது. "வீட்டுக்கு எடுத்துக்கிறேன்மா" என்று பையில் போட்டுக்கொண்டேன். உன் அம்மா நாலாம் நம்பர் சாணையில். அவள் தீட்டியதை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு டீச்சர் ஒன்றுமே சொல்லவில்லை. அந்தப் பெண் ஒன்றும் சொல்லாவிட்டால் அது பாராட்டாம்.

நீ அனுப்பிய விதிமுறைப் புத்தகம் மிகவும் உபயோகமாக இருக்கிறது. நம் வீட்டு மேஜைக்கு ஒரு கால் குட்டை அல்லவா, அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. இரண்டு வருஷமாக ஆடிய மேஜை. நீ கடைசியாக வந்துபோனதிலிருந்து. சும்மா ஞாபகம் வந்தது, எழுதினேன்.

இப்படிக்கு,
படிவம் நிரப்பியே மெலிந்துவரும் அப்பா

ஜனவரி 25

அப்பாவுக்கு வணக்கம்.

நலமாக இருக்கிறேன். அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன். அது அம்மாவின் முழங்காலுக்கு. உங்கள் முதுகுக்கு இல்லை.

"மரம் உண்டு" எங்கள் மேலாளர் மேஜைவரை போய்விட்டது. அவர் கூட்டத்தில் சத்தமாகப் படித்தார், எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை அப்பா. கெஞ்சிக் கேட்கிறேன், விளையாடாதீர்கள்.

மறுபடி சொல்கிறேன். மார்ச்சில் ஏழு குழியிலிருந்தும் பதினொரு கல் வரவேண்டும். அது ஒழுங்காக நடந்தால் கம்பெனி அங்கேயே கொள்முதல் அறை திறக்கும், வருஷம் முழுக்க வாங்கும், கொட்டகையும் டீச்சரும் அங்கேயே இருப்பார்கள். நடக்காவிட்டால் அந்த ஆறு இயந்திரத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். அம்மாவின் நாலாம் நம்பரையும் சேர்த்து. ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் கையெழுத்துப் போடுவது நான்.

நாற்பத்து மூன்றையும் விடுங்கள். முப்பத்தொன்றை மட்டும் பார்த்து எழுதுங்கள். "இந்தக் கல் சூடுபடுத்தப்பட்டதா?" எங்களிடம் வாங்குகிறவர்கள் மண்ணிலிருந்து எடுத்தபடியே வருகிறது என்று நம்பித்தான் வாங்குகிறார்கள். சூடு காட்டிய கல்லை விற்பது தப்பில்லை. சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

தயவுசெய்து மேஜைக்காலிலிருந்து புத்தகத்தை எடுங்கள். ஊருக்கு வரப் பார்க்கிறேன். வேலை அதிகம்.

அன்புடன்,
மகள்

பிப்ரவரி 11

அன்பு மகளுக்கு,

தைலம் வந்தது. உன் அம்மா பாட்டிலில் கோடு போட்டு வைத்திருக்கிறாள், நான் தொட்டால் தெரிய வேண்டுமாம். மற்றபடி குடும்பத்தில் ஒற்றுமை குறையவில்லை.

ஒரு நல்ல செய்தி. கல் வந்துவிட்டது!

செவ்வாய்க்கிழமை சரளைக் கூடையைக் கழுவும்போது நாங்கள் நாலு கூட்டாளிகளும் இருந்தோம். நான், உன் மாமா, மேஸ்திரி, ரேடியோ. ரேடியோவை உனக்கே தெரியும். கண் விழித்ததும் ஆரம்பித்தால் தூங்கும்வரை ஓடும், அணைக்கிற பொத்தான் கிடையாது. கூடையை மூன்றாம் சுற்றுச் சுற்றும்போது அவன் பேச்சு பாதியில் நின்றது. என்னவோ ஏதோ என்று குனிந்து பார்த்தோம். கொண்டைக்கடலை அளவு. சிவப்பு. அப்படி ஒரு சிவப்பை நான் ஆறேழு வருஷமாகப் பார்க்கவில்லை. ஓரத்தில் மட்டும் லேசாக ஒரு நீலம், வெள்ளைச் சட்டையில் மை பட்டமாதிரி.

ரேடியோவுக்குக் குரல் திரும்பியதும் முதல் பேச்சு: "முன்னெல்லாமா இருந்தா சுண்ணாம்புல பொதிஞ்சு, கரி நெருப்புல வெச்சு, ஊதுகுழல்ல ஒரு மணி நேரம் ஊதினா இந்த நீலம் ஓடியே போயிருக்கும்." தரகருக்காக அவன் அந்த வேலைதான் பார்த்தவன், குழல் இன்னும் அவன் வீட்டுப் பரணில் இருக்கிறது. நான் விடவில்லை. "வாய மூடுடா, முப்பத்தொண்ணாவது கேள்வி தெரியுமா உனக்கு?" என்று எல்லார் முன்னாலும் அடக்கிவிட்டேன். இதற்காக நீ என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

நம் வழக்கப்படி, விற்கும்வரை கல் ஆளுக்கு ஒரு வாரம் ஒவ்வொருவர் வீட்டில். முதலில் மாமா, பிறகு ரேடியோ, மேஸ்திரி, கடைசியாக நான். டீச்சர் தன் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்புவதாகச் சொன்னது.

வகுப்பில் நான் இப்போது ஒன்பது பட்டைக்கு இறங்கிவிட்டேன்.

அன்புள்ள அப்பா

பிப்ரவரி 22

அப்பா,

நலம். படம் பார்த்தேன்! பார்த்ததிலிருந்து சாப்பிடக்கூடத் தோன்றவில்லை.

ஒன்று சொல்கிறேன், அம்மாவிடம் சொல்லவேண்டாம், வருத்தப்படுவாள். இரண்டு வருஷமாக இந்த அலுவலகத்தில் நான் "குழிப்பொண்ணு". காதுபடவே சொல்வார்கள். கேலியாகச் சொல்வதில்லை, பாவப்பட்டுச் சொல்வார்கள். அதுதான் தாங்கமுடியவில்லை. மார்ச்சில் கல் வந்து சேர்ந்ததும், பதினொன்றில் முதலாவதாக நம் குழிக் கல்லைத்தான் மேஜையில் வைக்கப்போகிறேன். வைத்துவிட்டு எல்லார் முகத்தையும் ஒருதரம் நிமிர்ந்து பார்க்கவேண்டும்.

மேலாளர் படத்தைப் பார்த்துவிட்டு, "ஓரம் கொஞ்சம் அழுக்கா தெரியுதே?" என்றார். வெளிச்சம் சரியில்லை மேடம் என்று சொல்லிவிட்டேன். வெளிச்சம்தானே அப்பா?

மகள்

மார்ச் 10

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

பதினொரு கல்லும் டீச்சரோடு இன்று புறப்படுகின்றன. ஏழு குழிப் படிவங்களும் உள்ளே இருக்கின்றன. நம் குழிப் படிவத்தை நானே உட்கார்ந்து எழுதினேன். ஒரு விளையாட்டும் இல்லை. ஓய்வறை "இல்லை". சூடுபடுத்தப்பட்டதா, "இல்லை".

நீ கேட்டது வெளிச்சம்தான்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

(கண்ணு, கீழே இடம் இருந்தது, எழுதுகிறேன். வலி பரவாயில்லை. அப்பாவுக்கு இடது பக்கப் புருவத்தைக் காணோம். கேட்டால் வயசானால் உதிரும் என்கிறார். வயசு ஒரு பக்கம் மட்டுமா வரும்? அம்மா)

ஏப்ரல் 17

அப்பாவுக்கு,

அங்கே எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மார்ச் பதினைந்தாம் தேதி நம் கல்லை மேஜையில் வைத்தேன். ஒரு துளி நீலம் இல்லை. எல்லாரும் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். நிமிர்ந்து எல்லார் முகத்தையும் பார்த்தேன். அன்றைக்கே படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

நேற்று ஆய்வுக்கூடத்திலிருந்து அறிக்கை வந்தது. மற்றப் பத்துக் கல்லும் சரி. நம் கல் சூடுபடுத்தப்பட்டது. அந்த வகைக் கல்லுக்குள் முடியைவிட மெல்லிய இழைகள் இருக்கும். இதில் அவை உருகி அறுந்திருக்கின்றன. பெரிதாக்கி எடுத்த படத்தை என் முன்னால் வைத்தார்கள். பார்த்தேன்.

ஏழு குழியின் கொள்முதலும் நிறுத்தப்பட்டுவிட்டது. செய்தது யார் என்று ஜூன் பத்துக்குள் குழிக்காரர்களே கூட்டம் போட்டுச் சொல்லவேண்டும். சொன்னால் அந்த ஆளை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதைத் தொடர்வார்கள். சொல்லாவிட்டால் லாரி வரும்.

கல் நாலு வீட்டில் இருந்திருக்கிறது. நான் யாரையும் கேட்கவில்லை. நீங்கள் எழுதுங்கள்.

மகள்

ஏப்ரல் 28

அன்பு மகளுக்கு,

நலம். நீ வேளைக்குச் சாப்பிடு. கடிதத்தில் கையெழுத்தே இளைத்துப்போய்த் தெரிகிறது.

ஆய்வுக்கூடத்து மிஷினுக்கும் ஏதாவது உடம்புக்கு வந்திருக்கலாம் அல்லவா? நம் கொட்டகையில் ஆறு மிஷின் இருக்கிறது, தினமும் ஒன்று படுத்துவிடுகிறது. தவிர பூமிக்கு அடியிலும் சூடுதான் என்று டீச்சரே வகுப்பில் சொன்னது. பூமி செய்ததற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு? பார்சலை வழியில் வெயிலில் வைத்தார்களோ என்னவோ, அதையும் விசாரித்துப் பார்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. வேறொரு படிவம் எழுதி அனுப்பட்டுமா? முப்பத்தொன்றுக்கு "தெரியாது" என்று போட்டுவிடுகிறேன். எனக்குத் தெரியாத விஷயம் ஊர்ப்பட்டது, ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டார்கள். பழையதை எடுத்துவிட்டு நீ இதை வைத்துவிட்டால் முடிந்தது.

இங்கே மழை இல்லை. குழியில் தண்ணீர் குறைவு. மாமா உன்னைக் கேட்டார்.

அப்பா

மே 6

அப்பா,

இடது புருவம் வளர்ந்துவிட்டதா?

மகள்

மே 24

கண்ணு,

நன்றாக இருக்கிறாயா? நான் எழுதுகிறேன், ஏனென்றால் உன் அப்பா எழுதமாட்டார். பேனா இல்லை என்கிறார். சட்டைப் பையில் குத்தியிருக்கிறது. உன் ஒரு வரிக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்றார். பிறகு கண்ணாடியைத் திருப்பி மாட்டிவிட்டார்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். கொட்டகையில் வைத்து மேஸ்திரி எல்லார் முன்னாலும் கேட்டார், "ஊதுகுழல் யார் வீட்டுப் பரண்ல இருக்கு? கல்லு அவன் வீட்லயும் ஒரு வாரம் இருந்துச்சா இல்லையா? அப்புறம் என்ன விசாரணை வேண்டிக்கிடக்கு?" ரேடியோ அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. "நான் இல்ல"ன்னுகூடச் சொல்லவில்லை. அவர் வாயை மூடி இன்றைக்குப் பன்னிரண்டு நாள். குழிக்குள் சத்தமே இல்லையென்று உன் மாமா சொல்கிறார், இறங்கவே பயமாக இருக்கிறதாம். ரேடியோ அண்ணன் வீட்டம்மாள் எனக்குப் பக்கத்தில் அஞ்சாம் நம்பர் சாணை. அவளிடம் யாரும் லென்ஸ்கூடக் கடன் கேட்பதில்லை. நான் மட்டும் கேட்கிறேன், என்னுடையது கையில் இருக்கும்போதே.

எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. மார்ச் முதல் வாரம் ஒருநாள் உன் மாமா வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். நம் வீடெல்லாம் கரி வாசம். அப்பாவைக் கேட்டால், "சட்டைக்கு இஸ்திரி போட்டேன்" என்றார். இருபத்தாறு வருஷத்தில் அவர் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்ததில்லை. சட்டையும் கசங்கித்தான் இருந்தது.

நான் போய்ச் சொல்லிவிட முடியும். அது நான் சொல்லவேண்டியது இல்லை. சாப்பாடு போடுகிறேன், பேசுவதில்லை.

மேஜை மறுபடி ஆடுகிறது. அடியில் இருந்த புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வாரமாக எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். ஒரு பக்கத்தில் மட்டும் ரொம்ப நேரம் நிற்கிறார். என்ன படிக்கிறார் என்று கேட்கவில்லை. நான்தான் பேசுவதில்லையே.

அம்மா

ஜூன் 4

அன்பு மகளுக்கு,

நீ நலமா என்று கேட்கும் தகுதி இந்தக் கடிதத்தின் கடைசியில் எனக்கு மிச்சம் இருந்தால், அங்கே கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று கூட்டம். ஏழு குழி ஆட்களும் கொட்டகைக்கு வந்துவிட்டார்கள். உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து சாணைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். உன் அம்மா நாலாம் நம்பரில் வேலையை நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்தில்தான் நான் எழுந்து நின்றேன்.

"நான்தான் ஊதினேன்" என்றேன்.

யாரும் நம்பவில்லை. அதுதான் என் நிலைமை. மேஸ்திரி, "உக்காருங்க, எதுக்கெடுத்தாலும் தமாஷ்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். வாழ்நாளெல்லாம் கோமாளித்தனம் பண்ணினால் ஒருநாள் குற்றத்தைக்கூட ஒருத்தன் ஒழுங்காக ஒப்புக்கொள்ள முடியாது போலிருக்கிறது. புருவத்தைத் தொட்டுக் காட்டினேன். பாதிதான் வளர்ந்திருக்கிறது. அப்போதுதான் சிரிப்பு நின்றது.

நடந்தது இதுதான். நீ பிப்ரவரியில் எழுதிய கடிதம் எங்கள் முறை வாரத்தில் வந்தது. ஓரம் அழுக்கு என்று உன் மேலாளர் சொன்னதாக எழுதியிருந்தாய். "குழிப்பொண்ணு" என்றும் எழுதியிருந்தாய். கல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அந்த நீலம் ஒரு நூல் அகலம்கூட இல்லை. பள்ளிக்கூடம் போகும்போது உன் முகத்தில் மை தடவியிருந்தால் எச்சில் தொட்டுத் துடைத்துவிடுவேனே, அந்த மாதிரிதான் நினைத்தேன் என்று உனக்கு எழுத ஆசை. அப்படி நினைக்கவில்லை. தப்பு என்று நன்றாகத் தெரிந்துதான் செய்தேன். ரேடியோ வீட்டுக்குப் போய், "குழாயில அடைப்பு, குத்தி விடணும்"னு சொல்லிக் குழலை வாங்கிவந்தேன். உன் அம்மா வெளியே போனதும் பின்கட்டில் கரியை மூட்டி ஊதினேன். ரேடியோ ஒரு மணி நேரம் என்றான், அரைமணியே போதுமாயிருந்தது. நீலம் போன பிறகும் நிறுத்தத் தோன்றவில்லை, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊதினேன். கரி வெடித்தது. புருவம் போனது. கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துச் சந்தோஷப்பட்ட ஒரே மடையன் நானாகத்தான் இருப்பேன்.

அதையெல்லாம் சொன்னேன். பிறகு ரேடியோ பக்கம் திரும்பி, "நீயாவது சொல்லியிருக்கலாமேடா, குழல வாங்கிட்டுப் போனது நான்னு" என்றேன்.

இருபத்திரண்டு நாளுக்குப் பிறகு அவன் வாய் திறந்தான். "நீ சொல்லுவன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். நீ இவ்ளோ லேட் பண்ணுவன்னு தெரியாது. எனக்கு எவ்ளோ பேச்சு பாக்கி இருக்கு தெரியுமா?"

அடித்திருந்தால் பரவாயில்லை.

மேஸ்திரி அவனிடம் போய்த் தோளில் கை வைத்தார். அவன் தட்டிவிட்டான். அது ஆற நாள் ஆகும். அவன் வீட்டம்மாள் என்னைப் பார்க்கவே இல்லை. அதுவும் சரிதான்.

நாற்காலியில் இருந்தவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "வேற ஏதாவது சொல்லணுமாங்க?" என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்துவிட்டு, "இல்லைங்க, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன்.

கூட்டாளிகள் எனக்கு விதித்தது, இரண்டு மாதம் குழித் தண்ணீரை நான் ஒருத்தனே இறைக்கவேண்டும். உன் அம்மா வீட்டுக்கு வந்ததும் ஒரு வார்த்தை பேசினாள். "சாப்பிடுங்க." தட்டு வைக்கும் சத்தம் எப்போதும் சாதாரணமாகத்தான் இருக்கும், நேற்றுக் கேட்கக் கேட்க நன்றாக இருந்தது.

உன் கையெழுத்தை நான் பொய்யாக்கிவிட்டேன் கண்ணு. வேறு படிவம் அனுப்பட்டுமா என்று கேட்டேனே, அது இதைவிடக் கேவலம். இரண்டையும் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க எனக்குச் சரியான வாக்கியம் வரவில்லை. எட்டாம் வகுப்பில் அதெல்லாம் சொல்லித்தரவில்லை.

நலமா?

அப்பா

ஜூன் 16

அப்பாவுக்கு,

நலம்.

கொள்முதல் தொடர்கிறது. லாரி வராது. அம்மாவின் நாலாம் நம்பர் அங்கேயே இருக்கும். ஒரு வருஷத்துக்கு நீங்கள் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடக்கூடாது, மாமா போடுவார். கல்லை டீச்சரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். "சூடுபடுத்தப்பட்டது" என்று எழுதி யாரிடம் வேண்டுமானாலும் விற்கலாம். அம்மா பட்டை தீட்டிக்கொடுத்தால் நாங்களே வாங்கிக்கொள்வோம் என்றார் மேலாளர். விலை குறைவுதான்.

கோபம் போகவில்லை. அலுவலகத்தில் ஒரு வாரம் யாரும் என்னைக் "குழிப்பொண்ணு" என்றுகூடச் சொல்லவில்லை. ஏதாவது சொல்லமாட்டார்களா என்று இருந்தது. நீங்கள் அந்த நீலத்தை அப்படியே விட்டிருந்தால், அந்த அறையில் அழுக்கு ஓரத்தோடு ஒரு உண்மைக் கல்லை வைத்திருப்பேன். அதுவே எனக்குப் போதுமாயிருந்திருக்கும். அப்படி எழுதுகிறேன், ஆனால் பிப்ரவரியில் நான் அப்படி எழுதவில்லை. அதுவும் தெரிகிறது.

இன்னொன்று. இதை ஏப்ரலிலேயே எழுதியிருக்கவேண்டும். விதிமுறைப் புத்தகத்தில் ஒன்பதாம் பக்கம். குழிக்காரர்களே எழுதி அனுப்பும் படிவம் செல்லாது. கொள்முதல் அதிகாரி நேரில் போய், நாற்பத்து மூன்று கேள்வியையும் கல் எடுத்தவர் முகத்தைப் பார்த்துக் கேட்டு, பதிலைத் தன் கையால் எழுதவேண்டும். மற்ற ஆறு குழிக்கும் டீச்சரைக் கேட்கச் சொல்லிவிட்டேன். நம் குழிக்கு அதுகூடச் செய்யவில்லை. உங்கள் எழுத்தைப் பார்த்ததும் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். அங்கே வந்தால் நீங்கள் ஏன் இரண்டு வருஷமாக வரவில்லை என்று கேட்பீர்கள், என்னிடம் பதில் இல்லை. அதனால் வரவில்லை. வந்து கேட்டிருந்தால் உங்கள் புருவம் எனக்கே பதில் சொல்லியிருக்கும்.

கூட்டத்தில் நீங்கள் பேசிய அறிக்கையைப் படித்தபிறகு நேராக மேலாளரிடம் போய் ஒன்பதாம் பக்கத்தைச் சொன்னேன். வேலை போகவில்லை. என் நாற்காலி ஜன்னலோரத்திலிருந்து சுவரோரத்துக்குப் போய்விட்டது. ஏழு குழிக்கும் நேரில் போய் எல்லாக் கேள்வியையும் கேட்டு எழுதிக்கொண்டு வரும்வரை கையெழுத்துப் போடக்கூடாது என்று உத்தரவு.

ஜூலை இரண்டாம் தேதி வருகிறேன். நம் குழியில் ஆரம்பிக்கிறேன்.

மகள்

ஜூன் 25

அன்பு மகளுக்கு,

நாங்கள் எல்லாரும் நலம். உன் கடிதத்தை உன் அம்மா மூன்று தடவை படித்தாள். மூன்றாவது தடவை தைலப் பாட்டிலை எடுத்து என் முதுகுப் பக்கம் வைத்துவிட்டுப் போனாள். தண்ணீர் இறைக்கிற முதுகு. கோடு போட்டதெல்லாம் அழிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்பதாம் பக்கம் எனக்குத் தெரியும்.

மே மாதமே படித்துவிட்டேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கு ஒரு பக்கம் நாலு நாள். புரிந்ததும் முதலில் துள்ளிக் குதித்தேன், பொய் சொன்னால் பாவம். தப்பு என்னோடது மட்டும் இல்லை, அவங்க அதிகாரி வரவேண்டியது, வரலை, அதைச் சொல்லித் தப்பித்துவிடலாம் என்றுதான் மனசு ஓடியது. அப்புறம் அந்த அதிகாரி யார் என்று ஞாபகம் வந்தது. கூட்டத்தில் அந்த மனுஷர் "வேற ஏதாவது சொல்லணுமா"ன்னு கேட்டபோது நாக்கு நுனிவரை வந்தது, அதனால்தான் தண்ணீர் கேட்டேன். குடித்து உள்ளே தள்ளிவிட்டேன். நீயே போய் அதைச் சொல்லிவிட்டு வந்து நிற்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? உன் நாற்காலி சுவரோரம் போவதை அந்தத் தண்ணீரால் தடுக்க முடியவில்லை. நம் குடும்பத்தில் யாரும் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து முடிப்பதில்லை.

அம்மா அந்தக் கல்லை வாங்கிவைத்திருக்கிறாள். டீச்சர் மேற்பார்வையில் தினமும் ஒரு பட்டை. நான் எட்டிப் பார்த்தால் லென்ஸை மூடிக்கொள்கிறாள். அட்டையில் "சூடுபடுத்தப்பட்டது" என்று அவளே எழுதி ஒட்டிவிட்டாள். கீழே யார் சூடுபடுத்தியது என்று ஒரு கட்டம் இல்லையாம், அதில் அவளுக்கு வருத்தம்.

ரேடியோ பேச ஆரம்பித்துவிட்டான். இருபத்திரண்டு நாள் பாக்கியையும் சேர்த்து. என்னோடு மட்டும் இன்னும் இல்லை. தண்ணீர் இறைக்கும்போது வாளியை வாங்கி வைக்கிறான், வாயைத் திறப்பதில்லை. நீ வரும்போது அவன் குழிக்கு மேலே நிற்பான், முதலில் அவனுக்கு வணக்கம் சொல்லு.

நீ வருகிற அன்றைக்கு நான் தண்ணீர் முறையை அதிகாலையிலேயே முடித்துவிடுவேன். மரத்தடியில் பெஞ்சு போட்டிருக்கிறது. ஓய்வறை அதுதான். நாற்பத்து மூன்றையும் சத்தமாகக் கேள், ஒன்றையும் தாண்டாதே. புத்தகத்தில் இல்லாத கேள்வி ஒன்றும் நான் கேட்கமாட்டேன். இரண்டு வருஷக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது, நான் எட்டாம் வகுப்பு.

முப்பத்தொன்றுக்கு வரும்போது மட்டும் படிவத்தைப் பார்த்துக் கேட்காதே. என் முகத்தைப் பார்த்துக் கேள். விதி அப்படித்தான். புருவம் அதற்குள் வளர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். வளராவிட்டாலும் பார்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போட உரிமை இல்லாத அப்பா

(அதனால் இந்தக் கையெழுத்து அம்மாவுடையது. மேஜை ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. வரும்போது இன்னொரு புத்தகம் கொண்டுவா.)